நானூறு ஏக்கர் யாருக்குச் சொந்தம்?

2025 ஆம் ஆண்டு மார்ச்சு 30 ஆம் நாள். தெலுங்கு மக்களுக்கு யுகாதித் திருநாள். வேப்பம்பூவும் வெல்லமும் கலந்த பச்சடியை உண்டு புத்தாண்டை வரவேற்கும் நாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ரம்சான். அலுவலகங்களுக்குப் பூட்டு, நீதிமன்றங்களுக்கு விடுமுறை, ஊரார் வீட்டோடு இருக்கும் நேரம்.

அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், ஐதராபாத் பல்கலைக் கழகத்தை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலிக் காட்டுக்குள் புல்டோசர்களை அனுப்புவதற்கு!

முன்னே போலீசு, பின்னே இயந்திரங்கள். "எங்கே போகிறீர்கள்? ஏன் வெட்டுகிறீர்கள்?" என்று கேட்ட மாணவர்களும் மாணவிகளும் இழுத்துச் செல்லப்பட்டு வண்டியில் ஏற்றப்பட்டனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டனர். இருவர் காவலில் வைக்கப்பட்டனர். பகலில் நடந்தது போதாதென்று இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் வேலை நடந்தது. மரங்கள் சாய்ந்த அந்த இருட்டில் மயில்கள் அலறிய அலறலை விடுதி மாணவர்கள் பதிவு செய்து வெளியிட்டார்கள். நாடே கேட்டது.

திருட்டு வேலையைத்தான் ஊர் உறங்கும் நேரம் பார்த்துச் செய்வார்கள். சர்க்கார் வேலையை ஏன் அப்படிச் செய்யவேண்டும்? நாம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

அந்த மண்ணின் கதை

தோழர்கள் இந்த நிலத்தின் வரலாற்றைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். 1969 இல் தெலுங்கானாவிலும், பிறகு ஆந்திரப் பகுதியிலும் எழுந்த பெரும் கிளர்ச்சிகளுக்குப் பின், மத்திய சர்க்கார் 1973 இல் ஆறு அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அந்த ஆறில் ஒன்று, ஐதராபாத்தில் ஒரு மத்தியப் பல்கலைக் கழகம் அமைப்பது. 1974 இல் அது பிறந்தது. நகருக்கு வெளியே, பாறையும் முள்ளும் புல்லுமாகக் கிடந்த கச்சிபௌலியில் சுமார் 2,300 ஏக்கர் அதற்கென ஒதுக்கப்பட்டது. மாணவர்களின் இரத்தம் சிந்தி வந்த கல்விக்கூடம் அது. எந்தப் பிரபுவும் தானமாகக் கொடுத்ததன்று.

"காஞ்ச" என்ற தெலுங்குச் சொல்லுக்கு மேய்ச்சல் நிலம் என்று பொருள். நம் ஊர்க் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதியிருக்குமே, அதுதான் அது. ஊராரின் ஆடுமாடு மேய்ந்த பொது நிலம். ஆண்டுகள் உருண்டன. நகரம் அதை நோக்கி வளர்ந்தது. சுற்றிலும் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. அந்தப் பெரும் நிலத்தின் ஓரங்கள் விளையாட்டரங்குக்கு, வேறு நிறுவனங்களுக்கு என்று ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கப்பட்டன. மிஞ்சிய இடத்தில் புள்ளிமான் இருக்கிறது, மயில் இருக்கிறது, காட்டுப் பன்றியும் உடும்பும் இருக்கின்றன. சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பைப் பெற்ற நட்சத்திர ஆமை இருக்கிறது. ஐதராபாத்தின் பெயரையே தாங்கிய ஒரு சிலந்தி இனம் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்த கருங்கற் பாறைகள் காளான் போலவும் கோபுரம் போலவும் நிற்கின்றன. அவற்றிடையே மழைநீரைத் தேக்கி வைக்கும் ஏரிகள் கிடக்கின்றன.

இதை யார் கணக்கெடுத்தது? சம்பளம் வாங்கும் இலாகா அன்று. அங்கே படித்த மாணவர்களும் ஆசிரியர்களும் இயற்கை ஆர்வலர்களுமே விடியலில் எழுந்து, பாதை பாதையாக நடந்து, பறவையை எண்ணி, செடியைக் குறித்து, பட்டியல் தயாரித்தார்கள். புல்டோசர் வந்த நாளன்று அந்தப் பட்டியல்களே நீதிமன்றத்தில் பேசும் சாட்சிகளாயின!

சர்க்கார் தரப்பு வாதம்

எதிர்த் தரப்பின் வாதத்தை மறைத்துவிட்டுப் பேசுவது நமக்கு வழக்கமில்லை. தெலுங்கானா சர்க்கார் சொல்வது இது: "இந்த 400 ஏக்கர் பல்கலைக் கழகத்தினுடையதன்று. 2004 இலேயே மாற்று நிலம் பெற்றுக்கொண்டு இதை விட்டுக் கொடுத்துவிட்டார்கள். 2003 இல் அன்றைய ஆந்திர சர்க்கார் விளையாட்டுப் பயிற்சிக் கூடம் கட்டுவதாகச் சொன்ன ஒரு தனியார் கம்பெனிக்கு இதைக் கொடுத்தது. 2006 இல் அடுத்து வந்த சர்க்கார் அதை ரத்து செய்தது. கம்பெனி வழக்காடியது. 2024 இல் உயர் நீதிமன்றமும், அடுத்து உச்ச நீதிமன்றமும் சர்க்கார் பக்கமே நின்றன. ஆகவே நிலம் எங்களுடையது."

தனியார் கம்பெனியிடமிருந்து பொதுச் சொத்து மீட்கப்பட்டது நல்ல செய்திதான். வரவேற்கிறோம். ஆனால் மீட்டவுடன் செய்தது என்ன? 2024 ஆம் ஆண்டிலேயே நிலம் தெலுங்கானாவின் தொழிற் கட்டமைப்புக் கழகத்தின் கைக்கு மாற்றப்பட்டது. அதைக் காட்டிச் சுமார் 10,000 கோடி ரூபாய் கடன் திரட்டப்பட்டது. பிறகு மனை போட்டு ஏலம் விட ஏற்பாடு! ஒரு கம்பெனியின் வாயிலிருந்து பிடுங்கியது பல கம்பெனிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்குத்தானா? ஏறத்தாழ இருபது ஆண்டு வழக்காடியது இதற்குத்தானா?

"அங்கே புலியுமில்லை, மானுமில்லை, வளர்ச்சியைத் தடுக்கும் குள்ளநரிகள் சிலர்தாம் இருக்கிறார்கள்" என்ற பொருள்பட முதல் மந்திரி ரேவந்த் ரெட்டி அப்போது பேசினார். ஏப்ரல் 3 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தானே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. உயர் நீதிமன்றப் பதிவாளரை நேரில் சென்று பார்த்து அறிக்கை தரச் சொன்னது. அவர் போனார், பார்த்தார், எழுதினார். சுமார் 100 ஏக்கர் அழிக்கப்பட்டிருக்கிறது, மயில்களும் மான்களும் அங்கே காணப்பட்டன என்பது அவர் தந்த செய்தி. நீதிபதிகள் பி.ஆர். கவாய், ஏ.ஜி. மஸி இருவரும் உடனே தடை விதித்தார்கள். மந்திரியின் கண்ணுக்குத் தெரியாத மான், பதிவாளரின் கண்ணுக்குத் தெரிந்தது! பார்க்க விரும்பாதவனுக்கு யானைகூடத் தெரியாது என்பதை நாம் அறிவோம்.

"செயற்கை நுண்ணறிவால் தயாரித்த பொய்ப் படங்களைப் பரப்பிவிட்டார்கள்" என்றும் சர்க்கார் குற்றம் சாட்டியது. சில பொய்ப் படங்கள் உலவியது உண்மையே. அதை நாம் ஆதரிக்கவில்லை. நியாயமான போராட்டத்துக்குப் பொய் ஒரு போதும் துணையாகாது, எதிரிக்குத்தான் ஆயுதமாகும். நம் தோழர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறோம்: படம் பொய்யாக இருக்கலாம், மொட்டையடிக்கப்பட்ட நூறு ஏக்கரும் பொய்யா?

உரிமையாளனா, காவற்காரனா?

பட்டா யார் பெயரில் என்பதோடு இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. பட்டா சர்க்கார் பெயரிலேயே இருக்கட்டும். சர்க்கார் என்பது யார்? மிராசுதாரா? தன் பாட்டன் சொத்தை விற்றுச் சீட்டாடும் மைனரா? மக்களின் சொத்துக்கு மக்கள் வைத்த காவற்காரன் அல்லவா அது! ஆறும் காடும் கடற்கரையும் மக்கள் சொத்து, சர்க்கார் அவற்றின் தர்மகர்த்தா மட்டுமே என்று 1996 டிசம்பரிலேயே, இமாசலப் பிரதேசத்துப் பியாஸ் நதிக்கரை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதே மாதத்தில், கோதவர்மன் வழக்கில், பட்டா யாருடையதாக இருப்பினும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே என்றும் கூறியிருக்கிறது.

இன்னும் கேளுங்கள். காடு போன்ற நிலங்கள் எங்கெங்கே உள்ளன என்று கண்டறிய மாகாணங்கள் நிபுணர் குழு அமைக்க வேண்டும் என்று 2025 மார்ச்சு 4 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மார்ச்சு 15 ஆம் நாள் தெலுங்கானா சர்க்கார் குழுவும் அமைத்தது. குழு உட்கார்ந்து கணக்கெடுக்கும் முன்னே, பதினைந்தே நாளில், புல்டோசர் புறப்பட்டுவிட்டது! வைத்தியர் நாடி பிடிப்பதற்குள் பாடை கட்டிய கதையாக இல்லையா இது?

ஏப்ரல் 16 ஆம் நாள் நீதிமன்றம் மேலும் கடுமையாகப் பேசியது. அழித்த நூறு ஏக்கரை மீண்டும் உருவாக்கும் திட்டத்தோடு வாருங்கள். இல்லையேல் அதே ஏரிக்கரையில் தற்காலிகச் சிறை கட்டி அதிகாரிகளை வைக்க நேரும் என்ற அளவுக்கு எச்சரித்தது. மாணவர்கள் மீது போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுமாறு ஏப்ரல் 7 ஆம் நாளே துணை முதல் மந்திரி உத்தரவிட்டிருந்தார். ஆகஸ்டு மாதத்தில், வளர்ச்சிக்கு நாங்கள் எதிரிகள் அல்ல, ஆனால் காட்டை மீட்கும் நல்ல திட்டத்தோடு வாருங்கள் என்று ஆறு வாரத் தவணை கொடுத்தது நீதிமன்றம். சிறைக்குப் போன மாணவன் குற்றவாளியில்லை என்றாயிற்று. குற்றம் எங்கே என்பதும் நாட்டுக்கு விளங்கிற்று.

"வேலை கிடைக்குமே!" என்பவர்களுக்கு

இனி, தொழிலாளத் தோழர்களிடம் நேரடியாகப் பேசவேண்டிய இடத்துக்கு வருகிறோம். இந்தத் திட்டத்தால் 50,000 கோடி ரூபாய் முதலீடு வரும், ஐந்து இலட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்று தொழிற் கட்டமைப்புக் கழகம் சொன்னது. "மானும் மயிலும் பெரிதா, மனிதனின் சோறு பெரிதா?" என்ற கேள்வி உடனே எழுப்பப்பட்டது. வயிற்றுப் பசி அறிந்த நாம் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. வேலை வேண்டும் என்று முதலில் கொடி பிடித்தவர்களே நாம்தாம்.

ஆனால் அந்த ஐந்து இலட்சம் வேலை என்னென்ன வேலை, எத்தனை ஆண்டில், என்ன சம்பளத்தில், நிரந்தரமா, ஒப்பந்தமா? கணக்கு எங்கே? அந்தக் கண்ணாடி மாளிகைகள் இந்த நானூறு ஏக்கரில்தான் நிற்கவேண்டும், வேறெங்கும் நிற்கமுடியாது என்பதற்குக் காரணம் என்ன? காரணம் ஒன்றே: இங்கே ஏக்கர் விலை அதிகம். பக்கத்துக் கோகாபேட்டையில் 2023 இல் ஏக்கர் நூறு கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போயிற்று. அந்த ருசி கண்டவர்கள் காட்டைப் பார்த்தால் காடாகவா தெரியும்? கட்டுக் கட்டாக நோட்டாகத்தான் தெரியும். வேலை என்பது மேலே போர்த்திய சால்வை. உள்ளே இருப்பது மனை வியாபாரம்.

சரி, காடு போனால் யாருக்கு நட்டம்? குளிர்சாதன அறையில் இருப்பவனுக்கா? சித்திரை வெய்யிலில் சாரத்தின் மேல் நின்று கலவை சுமக்கும் சித்தாளுக்கு. ஆட்டோ ஓட்டுபவனுக்கு. முதுகில் பெட்டி கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சோறு கொண்டு சேர்க்கும் இளைஞனுக்கு. மரமும் ஏரியும் உள்ள இடம் குளிரும். சிமிட்டித் தரை பகலெல்லாம் வெப்பத்தை விழுங்கி இரவெல்லாம் கக்கும். தகரக் கூரையின் கீழ் படுப்பவனுக்கு இது புத்தகம் படித்துத் தெரியவேண்டிய செய்தியன்று. தண்ணீரும் அப்படியே. மழை மண்ணுக்குள் இறங்க இடமில்லை என்றால் கோடையில் கிணறு வற்றும்; லாரித் தண்ணீர் வாங்க வசதி உள்ளவன் வாங்குவான், மற்றவன் குடத்தோடு நிற்பான். மழைக் காலத்தில் அதே நீர் வீட்டுக்குள் வரும். 2020 அக்டோபரில் ஐதராபாத் மூழ்கியபோது, ஏரியையும் ஓடையையும் தூர்த்துக் கட்டிய தாழ்ந்த பகுதி மக்கள் பட்ட பாட்டை நாடு கண்டது.

இது ஐதராபாத்தின் கதை மட்டுமா? நம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் பரந்து கிடந்த அந்நிலம், குப்பை மேட்டுக்கும் சாலைக்கும் கட்டடங்களுக்கும் பறிகொடுத்து ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பின்தான், 2022 இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. இடையில் 2015 டிசம்பர் வந்தது. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் மார்பளவு நீரில் நின்றவர்களில் நம் தோழர்கள் எத்தனை பேர்! சதுப்பு நிலத்தை அன்று "பயனற்ற நிலம்" என்றார்கள். காஞ்ச கச்சிபௌலியையும் அப்படித்தான் "வெறும் புதர்" என்றார்கள். ஏழைக்குப் பயன்படும் நிலமெல்லாம் பணக்காரன் அகராதியில் பயனற்ற நிலந்தான்!

காகிதப் பச்சையும் உண்மைப் பச்சையும்

இன்று கல்லூரிகளில் "பசுமை வளாகம்" என்ற பேச்சு மிகுந்திருக்கிறது. நல்லதே. கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் தேசிய மதிப்பீட்டுக் குழுவும் இதற்கு மதிப்பெண் வைத்திருக்கிறது. மழைநீர் சேகரிப்பு உண்டா, சூரிய மின் தகடு உண்டா, குப்பையைப் பிரிக்கிறீர்களா, பசுமைத் தணிக்கை செய்தீர்களா என்று கேட்கிறது. கேட்பதில் தவறில்லை. பதில் சொல்லும் முறைதான் நகைப்புக்குரியது. குழு வரும் வாரத்தில் சுவருக்குப் பச்சை வண்ணம். வாசலில் மூன்று நிறத் தொட்டி. மந்திரியோ தாளாளரோ மரக்கன்று நடும் விழா. சென்ற ஆண்டு கன்று நட்ட அதே குழியில் இவ்வாண்டும் கன்று! மூன்று நிறத் தொட்டியிலும் சேர்ந்த குப்பையை மாலையில் ஒரே வண்டியில் கொட்டுகிறவர் யார்? ஒப்பந்தக் கூலிக்கு நிற்கும் துப்புரவுத் தொழிலாளி. அவர் கைக்கு உறையில்லை. தணிக்கை அறிக்கையில் அவருக்கு ஒரு வரியுமில்லை.

உண்மைப் பச்சை வேறு. 1937 இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியைப் பாருங்கள். இரசாயனப் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சும் அவர் துணைவியாரும் ஆண்டுக் கணக்கில் மரம் வைத்தார்கள். செடி கொடிகளைப் பதிவு செய்தார்கள். இன்று அது நகருக்குள் ஒரு காடு. விழா எடுத்து வந்த காடன்று, வேர்வை சிந்தி வந்த காடு. ஐதராபாத் மாணவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். காப்பதற்குத் துணிவு வேண்டும். காடுகளையும் ஏரிகளையும் உயிர்களையும் காப்பது குடிமகனின் கடமை என்று 1976 இல் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். எழுதியதை நிறைவேற்றிய மாணவனுக்குக் கிடைத்த முதல் பரிசு போலீசு வண்டி!

இதில் ஒரு கட்சியை மட்டும் குறை கூறி மற்றவர்கள் கை கழுவிவிட முடியாது. தனியாருக்குக் கொடுத்தவர்கள் ஒரு கட்சியினர். ஏலம் போட முனைந்தவர்கள் இன்னொரு கட்சியினர். இன்று காட்டுக்காகக் கண்ணீர் வடிக்கும் மூன்றாமவர், 2015 இல் கோடிக் கணக்கில் கன்று நடும் "ஹரித ஹாரம்" திட்டத்தைத் தொடங்கியவர்கள். கோகாபேட்டை ஏலத்தை நடத்தியவர்களும் அவர்களே! ஆளும் இடத்தில் இருக்கும்போது மனை வியாபாரி, எதிர் வரிசையில் இருக்கும்போது மரக்காவலர். இந்த வேடம் எந்த ஊரில், எந்தக் கட்சியிடம் காணப்பட்டாலும் கலைக்கப்பட வேண்டியதே. நமக்கும் சேர்த்தே இதைச் சொல்லிக் கொள்கிறோம்.

நாம் கேட்பது

ஒன்று: நானூறு ஏக்கரும் ஏலத்துக்கு அப்பாற்பட்ட பொது நிலம் என்று அறிவிக்கப்பட வேண்டும். அழித்த நூறு ஏக்கரில் புல்தரையும் நீரூற்றும் வைத்துப் பூங்கா என்று பெயர் சூட்டி ஏமாற்றாமல், அங்கே இருந்த புதரும் புல்லும் மரமும் மீண்டும் எழ வகை செய்ய வேண்டும்.

இரண்டு: பல்கலைக் கழகங்களின் நிலம் முழுவதும் அளந்து, எல்லை காட்டி, அவற்றின் பெயரிலேயே பதிவு செய்யப்பட வேண்டும். காகிதம் சரியில்லாத நிலம் கழுகுக்கு விருந்து.

மூன்று: கல்லூரிகளின் பசுமைக் கணக்கை அறைக்குள் எழுதக்கூடாது. மாணவரும் ஆசிரியரும் துப்புரவுத் தொழிலாளரும் தோட்டக்காரரும் கூடி எழுதட்டும். குப்பையை அள்ளுகிறவரைக் கேட்காமல் குப்பையைப் பற்றி எழுதுவது எப்படி?

தோழர்கள் செய்யவேண்டியதும் உண்டு. உங்கள் ஊர்க் கல்லூரியை ஒட்டிக் குளம் இருக்கும், மேய்க்கால் இருக்கும், பழைய தோப்பு இருக்கும். அது யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு இருந்தது, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலகத்தில் கேட்டு எழுதி வையுங்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளோடு பேசுங்கள். அவர்களிடம் பட்டியல் இருக்கும். உங்களிடம் எண்ணிக்கை பலம் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் எந்த இயந்திரமும் திரும்பிப் போகும்.

ஐதராபாத்தில் புல்டோசர் முன் நின்ற பிள்ளைகள் தங்களுக்கென ஒரு சதுர அடி நிலம் கேட்கவில்லை. படிப்பு முடிந்தால் அவர்கள் போய்விடுவார்கள். அவர்கள் நின்றது, அந்த நகரத்தில் வெய்யிலில் வேலை செய்யும் இலட்சக் கணக்கானவர்களின் நிழலுக்காக. நானூறு ஏக்கர் யாருக்குச் சொந்தம் என்று யாராவது கேட்டால், அந்த நிழலில் ஒரு நாழிகை உட்காரும் உழைப்பாளிக்குச் சொந்தம் என்று நாம் சொல்வோம்.